ஆறு வாரமாய்க் கொதிக்கும் பானை

அத்தியாயம் 4

சட்டை வரவில்லை. வழக்கு என்று பார்த்தால் அவ்வளவுதான்.

இங்கிலாந்தின் பாத் நகரத்தில் துணி வெளுத்துப் பிழைப்பவள் கெசியா ஹேல். பதினெட்டு மைல் தள்ளி, செட்ஜ்வெல் என்ற ஊரில் தனியாக இருப்பவர் அவள் அப்பா ஏனோக் ஹேல். சனிக்கிழமை தவறாமல் ஒரு அழுக்குச் சட்டையை வண்டிக்காரரிடம் கொடுத்தனுப்புவார். போன வாரத்துச் சட்டை வெளுத்துத் தேய்த்து அதே வண்டியில் திரும்பிப் போகும். இரண்டு பேருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. அழுக்குச் சட்டை வந்தால் அப்பா நலம். வெள்ளைச் சட்டை போனால் மகள் நலம். ஆறு வாரமாக எதுவும் வரவில்லை.

"போன வாரம் நேர்லயே போனேன்மா. கதவு பூட்டியிருக்கு. அக்கம்பக்கத்துல கேட்டா, 'உங்கப்பா நல்லாத்தான் இருக்கார், புகை வருதே, கண்ணு தெரியலையா'ன்னு சிரிக்கறாங்க. எங்கப்பா உயிரோட இருக்காரா இல்லையான்னு மட்டும் சொல்லிடுங்க. எனக்கு வேற எதுவும் வேண்டாம்" என்றாள் கெசியா.

அவள் இதைச் சொன்னது திருமதி ஹெஸ்டர் க்ரூமிடம். ஹெஸ்டரின் கணவர் தேர்தல் வழக்குகளுக்கென்றே பிறந்த வக்கீல். அவர் போய்ச் சேர்ந்து ஐந்து வருடம் ஆகிறது. ஆனால் இருபது வருடம் அவருடைய வழக்குக் கட்டுகளைப் படித்துப் படித்துக் கொடுத்த மனைவிக்கு மூக்கு மட்டும் வக்கீல் மூக்காகவே நின்றுவிட்டது. எங்கே நாறினாலும் அங்கே போய் நிற்கும்.

அந்த மூக்குக்குப் பின்னால் பெட்டி தூக்கிக்கொண்டு போகிறவன் டோபி வில்மட். முன்னாள் தெருப்பாட்டுக்காரன். யாரையாவது தூக்கில் போட்டால் அவர்களுடைய 'கடைசிக் கதறல்' என்று ஒரு பாட்டு அச்சடித்து, தூக்குமரத்தடியிலேயே விற்றுவிடுவான். வாய் இல்லாவிட்டால் நாய்கூட மதிக்காது என்பது அவன் கட்சி.

வண்டி செட்ஜ்வெல்லுக்குள் நுழைந்தபோது நல்ல மத்தியான வெயில். ஜூன் மாதம். ஆனால் தெரு முழுக்க ஒரு வீடு விடாமல் புகைபோக்கியில் புகை.

"ஏன் அம்மணி, இந்த ஊர்க்காரங்களுக்கு வெயில் பத்தலையா?" என்று டோபி சட்டைக் கழுத்தை விசிறிக்கொண்டான்.

"நாளைக்கு ஓட்டு. இன்னிக்குப் பானைப் பார்வை."

செட்ஜ்வெல் சட்டம் அப்படி. சொந்த அடுப்பில் சொந்தப் பானையைக் கொதிக்க வைக்கும் ஆண்பிள்ளை எவனோ, அவனுக்கு ஓட்டு. தேர்தல் அறிவித்த நாளிலிருந்து நடுவில் பானை அணைந்தால் ஓட்டும் அணைந்தது. அதனால் ஓட்டுக்கு முதல் நாள் உச்சிவேளையில் தேர்தல் அதிகாரி தெருவோடு நடந்து, ஒவ்வொரு ஜன்னலிலும் தலையை விட்டுப் பார்த்து, பானை கொதித்தால் நோட்டில் ஒரு கோடு போடுவார். மொத்தம் ஐம்பத்தெட்டுப் பானை. ஓட்டு உள்ளவர்களைப் பானைக்காரர்கள் என்று ஊரில் மரியாதையாகவே சொல்வார்கள்.

"அதாவது, சாமர்செட் கவுன்ட்டி பூராவுக்கும் சேர்த்து பார்லிமென்டுக்கு ரெண்டு பேர். இந்தச் சேத்துல நிக்கற அம்பத்தெட்டுப் பானைக்குத் தனியா ரெண்டு பேர். வடக்க ஆலைங்க நிக்கற ஊருக்கெல்லாம் அரை ஆள்கூட இல்ல. நம்ம நாட்டை ஆளறது ராஜாவா, கஞ்சிப் பானையா?" என்றான் டோபி.

"சத்தமா சொல்லாத. பானைக்குக் காது கேக்கும்."

அந்த இரண்டு பேரில் ஒருவர் பிப்ரவரியில் இறந்துபோனார். காலியான நாற்காலிக்குத்தான் இப்போது சண்டை. நீலக் கட்சி, ஊருக்கு வெளியே கோட்டை கட்டி உட்கார்ந்திருக்கும் பிரபுவின் கட்சி. வேட்பாளர் கேப்டன் ட்ரென்ச். மஞ்சள் கட்சி, பிரபுவின் கொட்டத்தை அடக்குவோம் என்று புறப்பட்ட கட்சி. வேட்பாளர் சர் ஜைல்ஸ் ஆட்வே. ஊர் நேர்பாதியாகப் பிளந்து கிடந்தது. ஒரு பானை இந்தப் பக்கம் சாய்ந்தால் இவர், அந்தப் பக்கம் சாய்ந்தால் அவர்.

ஏனோக் ஹேல் வீட்டு வாசலில் இறங்கியபோது தேர்தல் அதிகாரி அப்போதுதான் அந்த ஜன்னலிலிருந்து தலையை எடுத்தார்.

"கொதிக்குது" என்று சொல்லிக் கோடு போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்கு நகர்ந்தார்.

"ஐயா, எங்கப்பா உள்ள இருக்காரா? பார்த்தீங்களா?" என்று கெசியா பின்னாலேயே ஓடினாள்.

"பானையைப் பார்க்கறதுதாம்மா என் வேலை. அப்பாவைப் பார்க்கறது உன் வேலை."

பக்கத்து வீட்டு வாசலில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள் டார்க்கஸ் என்ற பெண். ஐம்பது வயது இருக்கும். அவள் கெசியாவின் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"என்னக்கா, அப்பா எங்க?"

"உள்ளதான் இருப்பார். தூங்கறாரோ என்னமோ. பெத்த பொண்ணு பட்டணத்துல போய் உக்காந்தா ஆம்பளைக்குக் கோவம் வராதா?" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதற்குள் தெருவில் இரண்டு பேர் வந்துவிட்டார்கள். இரண்டு பக்கமிருந்தும். ஈக்கு யார் சொல்லியனுப்புகிறார்கள், அது மாதிரி.

முதலில் வந்தவர் கிராட்விக். பிரபுவின் காரியஸ்தர். நீலத் துணியைத் தொப்பியில் செருகியிருந்தார். குதிரையிலிருந்து இறங்கவில்லை.

"வெளியூர்ப் பொம்பளைங்களுக்கு இங்க என்ன வேலை? ஹேல் எங்க ஆளு. நாளைக்கு வருவான், கேப்டனுக்குப் போடுவான். நடுவுல வந்து கலைக்காதீங்க. இந்த ஊர்ல பள்ளம் அதிகம், கால் தவறிடும்."

"அறிவிப்புப் பலகை வெச்சுடலாமே சார்" என்றான் டோபி. கிராட்விக் அவனை ஒரு முறை பார்த்துவிட்டுக் குதிரையைத் தட்டினார்.

இரண்டாவதாக வந்தவர் ஆம்ப்ரோஸ் லவல். மஞ்சள் கட்சியின் ஏஜென்ட். வெள்ளை முடி, கனிந்த முகம். தொப்பியைக் கழற்றிவிட்டுக் கெசியாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, உன்னைவிட நான்தான் உங்கப்பாவைத் தேடி அலையறேன். யாருக்கு ஓட்டுன்னு கேட்டா, 'மேடையில ஏறித்தான் சொல்லுவேன்'ன்னு ரெண்டு கட்சிகிட்டயும் சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டார் மனுஷன். அப்படி ஒரு நேர்மை. அதுக்கப்புறம் ஆளையே காணோம். நான் யார் பேரையும் சொல்லலை. ஆனா கோட்டையில நிலவறை நிறைய இருக்கு, அதை மட்டும் சொல்லுவேன்." அவர் கண்ணில் தண்ணீர்கூட வந்தது. "சாப்பிட்டீங்களா மூணு பேரும்? 'மூணு நாரை' விடுதி நம்ம விடுதிதான். என் பேரைச் சொல்லுங்க, ரொட்டியும் பன்றிக்கறியும் தருவாங்க."

டோபிக்கு லவலைப் பிடித்துவிட்டது. சோறு போடுகிறவனை அவனுக்கு எப்போதும் பிடிக்கும்.

"அந்தக் குதிரைக்காரன்தான் அம்மணி. மூஞ்சியிலயே எழுதி ஒட்டியிருக்கு" என்று கிசுகிசுத்தான்.

"மூஞ்சியில எழுதியிருக்கறதைப் படிச்சுத் தீர்ப்பு சொல்றதானா உன்னை எப்பவோ தூக்குல போட்டிருப்பாங்க. போய்ப் பின்பக்க ஜன்னல் திறக்குதான்னு பாரு."

அது திறந்தது.

*

உள்ளே ஒரே அறை. அடுப்பில் தீ நன்றாக எரிந்தது. மேலே சங்கிலியில் தொங்கிய கறுப்புப் பானை தளதளவென்று கொதித்தது. மனிதர் யாரும் இல்லை.

கெசியாவின் முகம் ஒரு நொடியில் மலர்ந்துவிட்டது. "பாருங்கம்மா, அடுப்பு எரியுது! இப்பத்தான் எங்கயோ வெளிய போயிருக்கார். நான் ஒரு பைத்தியம். சும்மா உங்களை அலைய வெச்சுட்டேன்!" என்று சிரித்தபடி ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஹெஸ்டர் சிரிக்கவில்லை. பானைக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து முகர்ந்து பார்த்தாள்.

"டோபி, உள்ள என்ன இருக்கு?"

டோபி எட்டிப் பார்த்தான். "தண்ணி."

"அப்புறம்?"

"அப்புறமும் தண்ணிதான். பட்டாணி இல்ல, கொழுப்பு இல்ல, ஒரு முட்டைக்கோஸ் இலைகூட இல்ல. என் பாட்டனார் வீட்டுச் சூப்பே இதைவிடக் கெட்டி."

"ஓரத்தைப் பாரு."

பானையின் உட்புறம் முழுவதும் வெள்ளையாக, சுண்ணாம்பு பூசினாற்போல, விரல் கனத்துக்குப் படை கட்டியிருந்தது. டோபி கரண்டியின் காம்பால் தட்டினான். ஒரு சில்லு உடைந்து விழுந்தது. அந்தக் கரண்டியையும் சுவரையும் சேர்த்துப் பின்னியிருந்த சிலந்தி வலை அறுந்து தொங்கியதை அவன் அப்போதுதான் கவனித்தான்.

"இந்த ஊர்த் தண்ணி உப்புத் தண்ணி. வெறும் தண்ணியைக் கொதிக்க வெச்சுக் கொதிக்க வெச்சு, சுண்டச் சுண்ட ஊத்தினாத்தான் இப்படிப் படை கட்டும். ஒரு தடவை கறி வேகவெச்சுத் தேய்ச்சிருந்தாலும் போயிருக்கும்" என்றாள் ஹெஸ்டர். பிறகு கெசியாவின் பக்கம் திரும்பினாள். அவள் குரல் இறங்கிவிட்டது. "ஒரு மாசத்துக்கு மேல இந்தப் பானை கொதிச்சிருக்கும்மா. ஆனா சமைக்கலை. இங்க யாரும் சாப்பிடலை."

கெசியா முக்காலியிலிருந்து எழுந்தாள். அடுப்பைப் பார்த்தபடியே சுவர்வரை பின்னால் நகர்ந்தாள். சிரிப்பு முகத்திலிருந்து இறங்க வழி தெரியாமல் அப்படியே நின்றுகொண்டிருந்தது. டோபிக்கு அதைப் பார்க்க முடியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அடுப்பு தானாக எரியாது. தினமும் ஒருவர் வந்து விறகு போட வேண்டும், தண்ணீர் ஊற்ற வேண்டும். பானைக்குப் பின்னால், இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவரில் நாலு செங்கல் பெயர்ந்திருந்தது. அந்தப் பொந்து வழியாக ஒரு கண் தெரிந்தது. டார்க்கஸின் கண்.

"அம்மா, விறகு போட்டது நீங்கதானே?" என்று ஹெஸ்டர் பொந்தின் பக்கம் குனிந்து கேட்டாள். சத்தம் போடவில்லை.

அந்தக் கண் ஒரு முறை மூடித் திறந்தது. பிறகு, "போடச் சொன்னாங்க. போட்டேன்."

"யாரு?"

"அம்மா, நீங்க நாளன்னிக்கு வண்டி ஏறிடுவீங்க. நான் அதுக்கப்புறமும் இந்தத் தெருவுலதானே இருக்கணும்?" கண் மறைந்தது. உள்ளேயிருந்து ஏதோ பலகையை வைத்துப் பொந்தை அடைத்தார்கள்.

"கோட்டைக்காரங்கதான். அவளுக்கு அந்தப் பயம். இழுத்துட்டுப் போய் நீதிபதி முன்னாடி நிறுத்துவோம்" என்றான் டோபி.

"நீதிபதியே பிரபுவோட மச்சான். அவள் ஒரு வார்த்தை பேசமாட்டா. யோசிச்சுப் பாரு டோபி. ஹேல் இல்லாமப் போனதால யாருக்கு லாபம்? யாருக்கும் இல்ல. ஹேலோட ஓட்டுதான் வேணும். அதுக்காகத்தான் பானையை உயிரோட வெச்சிருக்காங்க. நாளைக்கு மேடையில ஒரு ஹேல் ஏறுவான்."

"ஏறினதும் பிடிச்சுடலாம்!"

"கூடாது. பேச விடணும்." ஹெஸ்டர் கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டாள். "நம்ம ஊர்ல ஓட்டை யாரும் மனசுக்குள்ள போட முடியாது. ஊர் பார்க்க, மேடையில நின்னு, யாருக்குன்னு உரக்கச் சொல்லணும். பொய் ஹேலும் சொல்லித்தான் ஆகணும். யார் அனுப்பினாங்களோ அவங்க பேரைத்தான் சொல்லுவான்."



*

மறுநாள் காலை சந்தைத் திடலில் ஊரே கூடியிருந்தது. நடுவில் பலகை மேடை. மேலே தேர்தல் அதிகாரி, ஒரு குமாஸ்தா, ஒரு பெரிய நோட்டு. மேடையின் இரண்டு பக்கமும் இரண்டு ஏஜென்டுகள், ஆளுக்கொரு பட்டியலோடு. கிராட்விக் பற்களைக் கடித்துக்கொண்டிருந்தார். லவல் எல்லோரையும் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார். ஹெஸ்டர் சொன்னபடி டோபி போய் லவலின் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டான்.

ஒவ்வொருவராக ஏறினார்கள். பெயர் கேட்பார்கள். "இவரை யாருக்குத் தெரியும்?" என்று கூட்டத்தைக் கேட்பார்கள். தெரிந்தவர்கள் கை தூக்குவார்கள். பிறகு ஓட்டு. நீலம் என்றால் ஒரு பக்கம் ஆரவாரம், மறுபக்கம் முட்டைக்கோஸ் வீச்சு. மஞ்சள் என்றால் இது அப்படியே திரும்பும்.

ஏறியவர்களில் இரண்டு கிழவர்கள் வாய்வரை கழுத்துக்குட்டை சுற்றியிருந்தார்கள். கேட்டால் பல்வலி என்றார்கள்.

"பல்வலி ஒட்டுவாரொட்டி போலிருக்கே சார்" என்றான் டோபி. லவல் அன்பாகச் சிரித்தார்.

பத்தரை மணிக்குக் குமாஸ்தா கூப்பிட்டார். "ஏனோக் ஹேல்!"

திடல் அமைதியாகிவிட்டது. அந்த அமைதி டோபிக்குப் பிடிக்கவில்லை. தூக்குமரத்தடியில் பலகையைத் தட்டுவதற்கு முன்னால் அப்படித்தான் இருக்கும்.

ஒரு கிழவன் தடியூன்றி ஏறினான். தொப்பி கண்வரை, கழுத்துக்குட்டை மூக்குவரை. கெசியா கூட்டத்தில் முன்வரிசையில் நின்றிருந்தாள். ஹெஸ்டர் அவள் கையைப் பிடித்திருந்தாள்.

"பேரு?"

"ஏனோக் ஹேல்."

"சொந்த அடுப்பில் சொந்தப் பானை?"

"ஆமாங்க."

"இவரை யாருக்குத் தெரியும்?"

நாற்பது கைகள் உயர்ந்தன. ஹேலோடு சேர்ந்து குடித்தவர்கள், ஹேலோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஜெபம் செய்தவர்கள், கெசியாவைச் சின்னக் குழந்தையாகத் தூக்கியவர்கள். டார்க்கஸின் புருஷனும் கை தூக்கினான். ஒருவர்கூட மேடையைப் பார்க்கவில்லை. எல்லோரும் தங்கள் காலணியைப் பார்த்துக்கொண்டே கை தூக்கினார்கள்.

"அந்தச் சட்டை" என்றாள் கெசியா. "காலர்ல இருக்கறது என் தையல்மா. நான் தைச்சது. எங்கப்பா சட்டையை அவன் போட்டிருக்கான்!"

"தெரியும்மா. பல்லைக் கடிச்சுக்கோ. இன்னும் ஒரே ஒரு வார்த்தை. அவன் சொல்லிடட்டும்."

"யாருக்கு ஓட்டு?" என்றார் குமாஸ்தா.

டோபியின் கண் கிராட்விக் மேல் இருந்தது. 'கேப்டன்' என்ற வார்த்தைக்காகக் காத்திருந்தான். அப்போது அவன் மூக்குக்கு நேர் கீழே 'சர்ரக்' என்று ஒரு சத்தம். குனிந்து பார்த்தான். லவல் தன் பட்டியலில் ஹேலின் பெயருக்கு நேராகப் பேனாவால் ஒரு டிக் போட்டிருந்தார். மேடையிலிருந்தவன் இன்னும் வாயையே திறக்கவில்லை.

"சர் ஜைல்ஸ் ஆட்வேக்கு!" என்றான் கிழவன்.

மஞ்சள் பக்கம் ஆர்ப்பரித்தது. நாடெல்லாம் தேடியும் கிடைக்காத ஹேல் கிடைத்துவிட்டாரே என்று லவல் துள்ளியிருக்க வேண்டும். அவர் மையை ஊதிக் காயவைத்துக்கொண்டிருந்தார். நேற்று அந்த மனிதர் கணக்கில் பன்றிக்கறி சாப்பிட்டது டோபிக்கு ஞாபகம் வந்தது.

"அதிகாரி ஐயா!" ஹெஸ்டரின் குரல் மணி மாதிரி ஒலித்தது. "எழுதியாச்சா?"

"எழுதியாச்சு. ஏதாவது ஆட்சேபமா?"

"ஒரு ஆட்சேபமும் இல்ல. இவர் ஏனோக் ஹேல்தான். நாற்பது பேர் சாட்சி. நானும் ஒத்துக்கறேன்." கெசியா திகைத்துப்போய்க் கையை உருவிக்கொள்ளப் பார்த்தாள். ஹெஸ்டர் விடவில்லை. மறு கையால் பைக்குள்ளிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து உயர்த்தினாள். மேலே ராஜ முத்திரை தெரிந்தது. "கான்ஸ்டபிள்! ஏனோக் ஹேல், போன ஜனவரியில வைக்கோல் போருக்குத் தீ வெச்ச குத்தம். பிடிங்க அந்த ஆளை!"

போருக்குத் தீ வைத்தால் தூக்கு. அந்த நாட்டில் கைக்குழந்தைக்கும் அது தெரியும்.

கிழவனின் கையிலிருந்து தடி விழுந்தது. ஆச்சரியம், தடியில்லாமலே நன்றாக நின்றான். தொப்பியையும் குட்டையையும் பிய்த்து எறிந்தான். முப்பது வயதுகூட இருக்காது.

"ஐயோ, நான் ஹேல் இல்லீங்க! என் பேரு சாம் பூக்! ஈயம் பூசறவன்! ஒரு ஓட்டுக்கு வந்தேன், தூக்குக்கு வரலை!"

"அப்ப ஹேல் எங்க?"

"செத்துட்டாருங்க! 'மூணு நாரை' நிலவறையில! ஓட்டு நாள் வரைக்கும் ஜின் ஊத்தி ஊத்தி அடைச்சு வெக்கறதா இருந்தாங்க. மூணாம் நாளே போயிட்டாராம். ராத்திரியோட வண்டியில ஏத்தி ஆஷ்ஃபோல்ட் எல்லைப் பள்ளத்துல போட்டுட்டாங்க. நான் தொடலைங்க! சட்டையை மட்டும் லவல் ஐயா கொடுத்தாரு, போட்டுக்கிட்டேன்!"

கெசியா கத்தவில்லை. ஹெஸ்டரின் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். நாற்பது பேரும் கையை எப்போதோ கீழே இறக்கியிருந்தார்கள்.

"குடிகாரன் உளறல்" என்றார் லவல். முகத்தில் கனிவு ஒரு சொட்டுக் குறையவில்லை. "பாவம், யாரோ சொல்லிக் கொடுத்திருக்காங்க."

"சார், அவன் யாருக்குப் போடப்போறான்னு சொல்றதுக்கு முன்னாடியே நீங்க டிக் போட்டீங்களே. ஜோசியமா?" என்றான் டோபி.

லவல் திரும்பி அவனைப் பார்த்தார். அந்தக் கண்ணுக்குள் முதல்முறையாக நிஜ லவல் தெரிந்தார். டோபி தன்னை அறியாமல் ஓரடி பின்னால் வைத்தான்.

தேர்தல் அதிகாரி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "இது ஓட்டு மேடை, கோர்ட் இல்ல. சாவைப் பத்தி என்கிட்ட எந்தச் சட்டமும் பேசலை. ஓட்டு செல்லாது. அடிச்சுடு." குமாஸ்தா அடித்தார். லவலும் தம் பட்டியலில் அந்தப் பெயரை அடித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினார். கான்ஸ்டபிள் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அடுத்தவர்!" என்று கூப்பிட்டார் குமாஸ்தா.

அடுத்தவர் ஏறினார். கூட்டம் மறுபடி கத்த ஆரம்பித்தது. ஆறு வாரம் அந்த ஊருக்கு ஏனோக் ஹேல் உயிரோடு தேவைப்பட்டார். ஓட்டை அடித்த அந்த நிமிடத்திலிருந்து அவர் யாருக்கும் தேவைப்படவில்லை. சரி, அந்த மனுஷனை எங்கே புதைத்தார்கள் என்று கேட்பதற்குக்கூட அங்கே ஒரு நாதி இல்லை.

*

ஆஷ்ஃபோல்டுக்கு இரண்டு மைல். நடந்தே போனார்கள்.

"அந்த வாரண்ட் எங்க அம்மணி கிடைச்சுது?" வழியில் டோபிதான் பேச்சை ஆரம்பித்தான்.

ஹெஸ்டர் காகிதத்தை நீட்டினாள். ராஜ முத்திரைக்குக் கீழே, 'குதிரைத் திருடனின் கடைசிக் கதறல், பத்து அடிப் பாட்டு' என்று அச்சடித்திருந்தது. அவன் பெட்டியிலிருந்து எடுத்ததுதான்.

"நம்ம சரக்கா! அப்ப எனக்குப் பங்கு உண்டு."

"அவன் பொய்னு நாம சொல்லியிருந்தா நாற்பது பேரும் நிஜம்னு சத்தியம் பண்ணியிருப்பாங்க. நிஜம்னு நாம ஒத்துக்கிட்டதால அவனே பொய்னு சொல்லிட்டான். அவ்வளவுதான் டோபி. நேரா எதிர்த்து நிக்க முடியாத இடத்துல கூடவே தள்ளிவிடணும்."

"ஆனா லவல்?"

"அவரை விட்டுட்டதா யார் சொன்னா?" என்றாள் ஹெஸ்டர். ஆனால் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னாள். சாலையில், வெகு தூரத்தில், ஒரு வண்டி அவர்கள் வேகத்துக்கே வந்துகொண்டிருந்தது.

ஆஷ்ஃபோல்ட் சர்ச்சுக்குப் பின்னால், சுவரோரம், பேரில்லாதவர்களுக்கு ஒதுக்கிய இடம். கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆப்னர் என்ற பெரியவர் மண்வெட்டியைச் சாய்த்துவிட்டு வந்தார்.

"ஒரு பெரியவரை இங்க அடக்கம் பண்ணினீங்களா ஐயா? எல்லைப் பள்ளத்துல கிடந்தவர். ஆறு வாரம் ஆகும்" என்று ஹெஸ்டர் கேட்டாள்.

"பண்ணினேனே. பள்ளத்துல கிடந்தாங்க. ஜின் நாத்தம். மேல ஒரு துணி இல்ல, சாக்கைச் சுத்திப் போட்டிருந்தாங்க பாவிங்க." ஆப்னர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "நீங்க எந்தப் பெரியவரைத் தேடறீங்க?"

"எந்தப் பெரியவர்னா?"

அவர் சுவரோரம் கை காட்டினார். புல் இன்னும் மூடாத மண்மேடுகள். மேட்டுக்கு ஒரு பட்டையான மரக்குச்சி. மொத்தம் மூன்று.

"ஒரே வாரத்துல மூணு பேரும்மா. மூணு பேரும் வயசானவங்க. அதே பள்ளம், அதே சாக்கு. எங்க ஊர் ஆளுங்க இல்ல. எந்த ஊர்ப் பெரியவங்க காணோம்னு நானும் செட்ஜ்வெல் வரைக்கும் போய்க் கேட்டேன். 'எங்க ஊர்ல எல்லாரும் சௌக்கியம்'னுட்டாங்க."

டோபிக்குக் காலையில் பல்வலியோடு மேடையேறிய இரண்டு கிழவர்கள் ஞாபகம் வந்தார்கள்.

"இதுல எங்கப்பா எது?" என்று கெசியா கேட்டாள்.

ஆப்னர் அவளைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. மெதுவாகச் சொன்னார். "பள்ளத்துத் தண்ணியில நாலஞ்சு நாள் கிடந்துட்டாங்கம்மா, எலிங்க விடலை. முகம்னு சொல்லிக்க ஒண்ணும் மிச்சமில்ல. எனக்கே தெரியாது. தோண்டிப் பார்க்கணும்னா பிஷப் உத்தரவு வேணும். பார்த்தாலும்…"

கெசியா முதல் மேட்டுக்குப் போய் நின்றாள். "அப்பா" என்றாள். இரண்டாவது மேட்டுக்குப் போனாள். "அப்பா." மூன்றாவதற்குப் போகாமல் நடுவிலேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். பெற்றவனை மண்ணுக்குள் அடையாளம் கண்டுபிடிக்கச் சொன்னால் எந்த மகளால் முடியும்? டோபி தொப்பியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவன் அதை மறைக்கவும் இல்லை.

ஹெஸ்டர் பக்கத்தில் போய் மண்டியிட்டாள். "நான் உத்தரவு வாங்கறேன் கெசியா. எத்தனை நாள் ஆனாலும் வாங்கறேன். மூணு பேரும் யாருன்னு கண்டுபிடிக்கறேன். இதைச் செஞ்சவனை மேடையில ஏத்தறேன், ஓட்டு மேடையில இல்ல."

கெசியா மேலாடை விளிம்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"பெரியவரே, தாரும் தூரிகையும் இருக்கா? பேர் எழுதணும்."

"எதுலம்மா எழுதறது? எதுன்னு தெரியாதே."

"மூணுலயும் எழுதுங்க. ஏனோக் ஹேல்."

"ஒரே ஆளை மூணு இடத்துல எப்படிம்மா… பாதிரியார் கேட்டா?"

"மத்த ரெண்டு பேரையும் தேடிக்கிட்டு யாராவது வந்தா மாத்தி எழுதிக்கட்டும். யாராவது வர வரைக்கும் மூணு பேரும் எங்கப்பாதான். பேரில்லாம ஒருத்தரும் கிடக்க வேண்டாம்."

ஆப்னர் போய்த் தார்ச்சட்டியையும் தூரிகையையும் எடுத்துவந்து கீழே வைத்தார். அவருக்கும் எழுதத் தெரியாது. ஹெஸ்டரின் கண் சாலையில் பின்தொடர்ந்து, இப்போது சுவருக்கு வெளியே வந்து நின்ற வண்டியின் மேலிருந்தது. டோபி குனிந்து தூரிகையை எடுத்தான். நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக, மூன்று குச்சிகளிலும் எழுதினான்.